டிரைவர் செத்தது லினக்ஸில் அல்ல

போளூரில் பழைய லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போய், "விண்டோஸ் வேணாம், லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்று கேட்டால் அநேகமாக இப்படித்தான் பதில் வரும்: "அதுல டிஸ்ப்ளே டிரைவர் வராது சார். வீடியோ இழுத்து இழுத்து ஓடும். ஒரு வாரத்துல நீங்களே திரும்பி வருவீங்க." சொல்பவர் பொய் சொல்லவில்லை. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் இந்தப் பேச்சு கடை மேசையோடு நிற்பதில்லை. பள்ளிக்குக் கணினி வாங்கித்தர முன்வரும் பழைய மாணவர்களும், கல்லூரி ஆய்வகத்துக்குக் கொட்டேஷன் கேட்கும் ஆசிரியர்களும், கணினி பற்றி நாலு விஷயம் தெரிந்தவர் என்று பேரெடுத்தவர்களும் இதையே கொஞ்சம் படித்த மொழியில் சொல்கிறார்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் என்பது சில்லு செய்த கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாம். கம்பெனி எழுதித் தந்தால்தான் உண்டாம். யாரோ பொழுதுபோகாமல் எழுதி இணையத்தில் போட்ட டிரைவரை நம்பி ஒரு மாணவன் கையில் மெஷினைக் கொடுக்கக் கூடாதாம்.

நான் நேர்மாறாகச் சொல்கிறேன். ஒரு லேப்டாப் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து மாமன் மகளுக்கும் கைமாறிப் பத்து வருடம் உழைத்தாக வேண்டிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊருக்கு நம்பத்தக்க கிராஃபிக்ஸ் டிரைவர் என்றால் திறந்த மூலநிரல் டிரைவர் ஒன்றுதான். கம்பெனி பூட்டி வைத்த டிரைவர், மூன்று வருடத்துக்கொரு முறை மெஷின் மாற்றுகிறவருக்குச் சரிப்படலாம். நமக்குச் சரிப்படாது.

நம் வீடுகளில் கிடக்கும் மெஷினையே எடுத்துக்கொள்வோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, பத்தாண்டுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர்கள் கைக்குப் போயின. போளூர், கலசபாக்கம், சேத்துப்பட்டு, மலைமேல் ஜமுனாமரத்தூர் என்று 'கவர்மென்ட் லேப்டாப்' இல்லாத தெரு இங்கே குறைவு. அவற்றில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. சென்னையில் சி-டாக் உருவாக்கியது அது. எல்காட்டுக்கும் லினக்ஸ் புதிதல்ல. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006க்குப் பிறகு, அலுவலகக் கணினிகளையே சுசே லினக்ஸுக்கு மாற்றிப் பார்த்த நிறுவனம் அது. ஆனால் மாணவர்களிடம் வந்த பாஸ் லினக்ஸுக்கு என்ன கதி ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை கடைக்குப் போனபோதே அந்தப் பகுதியை அழித்து, அந்த இடத்தில் சினிமா நிரப்பிக்கொண்டார்கள்.

இனி அதே மெஷின்களில் விண்டோஸ் டிரைவரின் கதி என்ன ஆனது என்பதையும் பார்த்துவிடுவோம். இதை யாரும் பேசுவதில்லை.

பிந்தைய தொகுதிகளில் வந்த லெனோவா இ41 வகை லேப்டாப்புகள் சிலவற்றில் ஏஎம்டி ஏ4 சில்லு. அதற்குள்ளேயே ரேடியான் ஆர்4 கிராஃபிக்ஸ். 2021 ஜூனில் ஏஎம்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இந்தத் தலைமுறைக்கும் இதற்கு முந்தைய இரண்டு தலைமுறைக்கும் இனிப் புதிய விண்டோஸ் டிரைவர் கிடையாது. நம் பிள்ளைகளில் சிலர் கையில் அந்த மெஷின் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். அதே ஆர்4 கிராஃபிக்ஸுக்கு, லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஏஎம்டிஜிபியு டிரைவர் இன்றும் இருக்கிறது. எங்கும் போய் இறக்க வேண்டியதில்லை. கெர்னலோடு சேர்ந்தே வருகிறது.

இன்டெல் மட்டும் என்ன வாழ்ந்தது? 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் சில்லுகளின் எச்டி 2000, 3000 கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 10 டிரைவரை இன்டெல் அதிகாரபூர்வமாகத் தந்ததே இல்லை. மைக்ரோசாஃப்ட் பழைய டிரைவரையே அப்டேட் வழியாகத் தள்ளி ஒப்பேற்றியது. 2022இல், ஆறாம் தலைமுறையிலிருந்து பத்தாம் தலைமுறை வரையிலான சில்லுகளின் கிராஃபிக்ஸையும் இன்டெல் 'பழையது' பட்டியலில் சேர்த்தது. அவசரக் கோளாறு என்றால் திருத்துவார்களாம், அவ்வளவுதான். லினக்ஸ் பக்கம் நடந்தது வேறு. அந்த 2011 சில்லுக்கும் அதற்கு முன் வந்தவற்றுக்குமாக 2021இல் குரோகஸ் என்று ஒரு புதிய டிரைவரே, லினக்ஸின் திறந்த கிராஃபிக்ஸ் தொகுப்பான மெசாவில் சேர்ந்தது. எழுதியதில் முதன்மையானவர் டேவ் ஏர்லி. அவர் இன்டெல் ஊழியரே அல்ல. கம்பெனி கைவிட்ட பத்து வருடப் பழைய சில்லுக்கு வெளியாள் ஒருவர் புது டிரைவர் எழுத முடிந்தது எதனால்? பழைய டிரைவரின் நிரல் அவர் கண்முன் திறந்து கிடந்தது.

இதைவிடப் பெரிய வேடிக்கை 2017இல் நடந்தது. க்ளோவர் டிரெயில் என்ற இன்டெல் ஆட்டம் சில்லு வைத்த சின்ன மெஷின்கள், விண்டோஸ் 10இன் கிரியேட்டர்ஸ் அப்டேட்டை ஏற்க முடியாமல் நின்றன. காரணம் கிராஃபிக்ஸ். அந்தக் கிராஃபிக்ஸ் பகுதியை, அதாவது ஜிபியுவை, இன்டெல் தானே செய்யவில்லை. இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பை வாங்கிப் பொருத்தியிருந்தது. அதன் டிரைவர் பூட்டிய டிரைவர். புதிய விண்டோஸுக்கு அதைத் திருத்தித்தர யாரும் இல்லை. கடைசியில் மைக்ரோசாஃப்ட், இந்த மெஷின்கள் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளட்டும், 2023 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருகிறோம் என்றது. உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் இரண்டு சேர்ந்தும் ஒரு டிரைவரைக் காப்பாற்ற முடியவில்லை. அதே குடும்பத்து ஜிபியு, ஜிஎம்ஏ 500 என்ற பெயரில், லினக்ஸிலும் பல வருடம் மானத்தை வாங்கியது. அப்போதும் பழி லினக்ஸ் தலையில்தான் விழுந்தது. இரண்டு பக்கமும் சொதப்பிய ஒரே பொருள் அந்தப் பூட்டிய டிரைவர் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் கட்சி கட்டுகிறேன் என்று ஆகிவிடும். ஆகவே கொஞ்சம் உள்ளே போவோம்.

லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு துண்டு. ஒன்று கெர்னலுக்குள் இருக்கிறது: திரையின் அளவை நிர்ணயிப்பது, ஜிபியுவின் நினைவகத்தைப் பங்குபோடுவது, கட்டளைகளை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புவது அதன் வேலை. இன்னொன்று மெசா: விளையாட்டோ பிரவுசரோ ஓபன்ஜிஎல், வல்கன் மொழியில் கேட்பதை அந்தந்தச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக மாற்றித்தருவது. பிரையன் பால் என்பவர் 1993இல் தனி ஆளாகத் தொடங்கிய வேலை இது. கெர்னலுக்குள் இருக்கும் துண்டுக்கு ஒரு கடுமையான வழக்கம் உண்டு. கெர்னலின் உள் அமைப்பை எவர் மாற்றுகிறாரோ அவரே, அந்த அமைப்பைப் பயன்படுத்தும் எல்லா டிரைவரையும் திருத்திக் கொடுத்தாக வேண்டும். 2011ஆம் வருட மெஷினின் டிரைவர் நேற்று வந்த கெர்னலிலும் ஓடுகிறதென்றால் யாரோ பரிதாபப்பட்டு ஓடவைத்தார்கள் என்று பொருளல்ல; கெர்னலுக்குள் இருக்கும்வரை அதை ஓடாமல் விட்டுவிட்டுப் போக வழியில்லை. வெளியே தனியாக நிற்கும் பூட்டிய டிரைவருக்கு இந்தக் காவல் கிடையாது. கெர்னல் நகர்ந்தால் கம்பெனியும் கூடவே நகர வேண்டும். கம்பெனிக்கு அலுத்துப்போன அன்று அந்த டிரைவர் செத்தது.

நம்மூர் விவசாயிக்கு இது புதிய சங்கதி இல்லை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் போளூரில் காயில் கட்டுகிறவர் எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும் பிரித்துக் கட்டித் தந்துவிடுவார். செய்த கம்பெனி இன்றைக்கு இருக்கிறதா மூடிவிட்டதா என்று கேட்க மாட்டார். மோட்டாரைப் பிரிக்கவே விடாமல் ஈயம் ஊற்றி அடைத்து விற்றால் எந்த விவசாயி வாங்குவார்? லேப்டாப் வாங்கும்போது மட்டும் அதையே நல்ல தரம் என்று நம்புகிறோம்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 'கம்பெனி டிரைவர்தான் வேகம். வெளியாள் எழுதியது ஓடும், ஆனால் நொண்டும்.' ஒரு காலத்தில் இது உண்மை. ஏடிஐயை 2006இல் வாங்கிய ஏஎம்டி, அடுத்த வருடம் செப்டம்பரில் தன் சில்லுகளின் ஆவணங்களைத் திறந்துவிட்டபோது திறந்த டிரைவர் தவழ்கிற குழந்தை. கம்பெனியின் மூடிய கேட்டலிஸ்ட் டிரைவர்தான் ஓட்டத்தில் ராஜா. அந்த ராஜா 2012இல் எச்டி 2000 முதல் 4000 வரையிலான கார்டுகளை நட்டாற்றில் விட்டார். அவற்றில் சில வெளிவந்து நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. திறந்த டிரைவர் அவற்றை இன்றும் ஓட்டுகிறது.

வேகம் பற்றிய தீர்ப்பு அதற்குப் பிறகு வந்தது. 2016இல் பாஸ் நியூவென்ஹவுசனும் ரெட்ஹாட்டின் டேவ் ஏர்லியும் ஏஎம்டியைக் கேட்காமலே, ஏஎம்டி சில்லுகளுக்கு ராட்வி என்ற வல்கன் டிரைவரை எழுதத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஏஎம்டி தன்னுடைய ஏஎம்டிவிஎல்கேவைத் திறந்து வெளியிட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. வால்வ் நிறுவனம் ராட்விக்கு ஆள் போட்டு, 2022இல் வந்த ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியையே அதன்மேல் நிறுத்தியது. 2025இல் ஏஎம்டி தன் சொந்த டிரைவரை மூடிவிட்டு, இனி லினக்ஸில் எங்கள் வல்கன் டிரைவரும் ராட்விதான் என்று சொல்லிவிட்டது. சில்லு செய்தவனைவிட வெளியாளுக்கு அந்தச் சில்லு என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள், இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசலாம்.

பொழுதுபோகாதவர்கள் எழுதுகிறார்கள் என்பதும் காலாவதியான கேலி. கெர்னலிலேயே மிகப் பெரிய டிரைவர் ஏஎம்டிஜிபியு. அதில் பெரும்பகுதியை எழுதுவது ஏஎம்டியின் சம்பளக்காரர்கள். இன்டெல்லின் டிரைவரை எழுதுவது இன்டெல். கொலாபோரா, இகாலியா என்று இந்த வேலைக்கென்றே நடக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ராஸ்பெரி பை பலகையின் பிராட்காம் சில்லுக்கு 2014இல் ஆவணத்தைத் திறந்ததோடு, எரிக் ஆன்ஹோல்ட்டை வேலைக்கு எடுத்து டிரைவர் எழுதவைத்ததும் பிராட்காம்தான். அப்படியே பொழுதுபோக்காக எழுதினாலும் இளக்காரமாகப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆப்பிள் தன் எம்1 சில்லின் ஜிபியு பற்றி ஒரு பக்க ஆவணமும் தரவில்லை. அலிஸா ரோசென்ஸ்வைக்கும் அசாஹி லினக்ஸ் குழுவினரும் அதைக் கட்டளை கட்டளையாகத் துழாவிக் கண்டுபிடித்து, 2023 ஆகஸ்டில் ஓபன்ஜிஎல் ஈஎஸ் 3.1 தரச்சான்று பெற்ற டிரைவரைத் தந்தார்கள். அந்தச் சில்லில் அந்தத் தரத்துக்கு ஆப்பிளிடமே சான்று பெற்ற டிரைவர் கிடையாது.

சரி, அப்படியானால் கறுப்புத் திரை எங்கிருந்து வந்தது? 'டிஸ்ப்ளே வரலை' என்று கடைக்காரர் சொல்வது கனவா?

கனவில்லை. மூன்று இடத்திலிருந்து வந்தது. முதலாவதும் பெரியதும் என்விடியா. சொந்த ஆவணம் தராமல், பூட்டிய டிரைவரை வெளியே தனியாக வைத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் உடைய விட்ட நிறுவனம் அது. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது இந்தக் கோபத்தில்தான். காட்டியது நாகரிகமா என்பது வேறு விஷயம். நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதியவர்கள் ஆவணமில்லாமலே நெடுந்தூரம் வந்திருந்தார்கள். ஆனால் 2014இல் தொடங்கிய ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றும் கோப்பு) இல்லாமல் சில்லின் வேகத்தைக் கூட்டவே முடியாதபடி பூட்டிவிட்டார்கள். திறந்த டிரைவர் நொண்டியது என்றால், காலை உடைத்தவர் யார் என்று சொல்ல வேண்டாமா? பூட்டிய டிரைவரை வாங்கியவர் கதையும் இனிப்பாக முடியவில்லை. ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசைக்கான 340 டிரைவர் 2019 முடிவோடு நின்றது. 390 டிரைவர் 2022 முடிவோடு நின்றது. அதன்பின் கெர்னல் புதுப்பித்தவர்களுக்கு மாட்யூல் கம்பைல் ஆகாது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. கடைக்காரர் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். அவர் திறந்த டிரைவர் தோற்றதைப் பார்க்கவில்லை, மூடிய டிரைவர் தோற்றதைப் பார்த்தார்.

அந்த என்விடியாவே 2022 மே மாதம் தன் கெர்னல் துண்டைத் திறந்து வெளியிட்டது. 2025இல் வந்த பிளாக்வெல் கார்டுகள் லினக்ஸில் திறந்த மாட்யூலில் மட்டுமே ஓடும், மூடியதில் ஓடாது. மேல் துண்டு, குடா உட்பட, இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதற்கு மாற்றாக மெசாவில் என்விகே என்ற டிரைவர் வளர்கிறது, கெர்னலில் ரஸ்ட் மொழியில் நோவா எழுதப்படுகிறது. இரண்டும் இன்னும் முற்றவில்லை. போளூரில் வேலைக்கு லேப்டாப் வாங்கப் போகிறவருக்கு என் யோசனை, முடிந்தால் என்விடியா இல்லாத மெஷினாக வாங்குங்கள் என்பதுதான்.

இரண்டாவது, திறந்த மூலநிரல்காரர்கள் தாமே வரவழைத்துக்கொண்டது. இந்த இடத்தில் என் கட்சிக்காரர்களையும் திட்டியாக வேண்டும். ரேடியான் சில்லுகள் உயிர்பெற, டிரைவர் ஒரு ஃபர்ம்வேர் கோப்பைச் சில்லுக்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பின் மூலநிரல் திறந்ததல்ல. ஆகவே டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பு பல ஆண்டுகள் அதைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. வேண்டுமானால் தனியே தேடி இறக்கிக்கொள் என்றது. தூய்மை காப்பாற்றப்பட்டது. மாணவனுக்குக் கிடைத்தது 1024க்கு 768இல் கலங்கிய திரை. 2022 அக்டோபரில் ஓட்டெடுப்பு முடித்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்துதான் ஃபர்ம்வேரை நிறுவியோடு சேர்த்தார்கள். அதுவரை போன பெயர் போனதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்பின் தூய்மைக்காக, ஜவ்வாது மலைக் கிராமத்துப் பிள்ளை ஒன்று தன் முதல் கணினியில் லினக்ஸை அழித்ததென்றால், அதில் சுதந்திரம் எங்கே வென்றது என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவதுதான் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது; 'இழுத்து இழுத்து ஓடும்' என்ற புகாரில் கணிசமான பங்கு இதற்கு உண்டு. நிறுவும்போது திரை வரவில்லை என்றால், பூட் வரியில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர் என்று யூட்யூப் வீடியோக்கள் சொல்லித்தருகின்றன. சேர்த்தால் திரை வந்துவிடும். ஏன் வந்தது? கிராஃபிக்ஸ் டிரைவரை ஏற்றாதே என்பதுதான் அந்தச் சொல்லின் உத்தரவு. நிறுவி முடித்ததும் அதை எடுத்துவிட்டு, சரியான ஃபர்ம்வேரைப் போட வேண்டும். பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் ஜிபியு அல்ல, சிபியு வரைகிறது. எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாக. நாலு ஜிபி ராம் வைத்த மெஷின் என்ன பாடுபடும்! யூட்யூப் திணறும், விசிறி அலறும், மடியில் வைத்தால் தொடை சுடும். டிரைவரைக் கையால் அணைத்துவிட்டு டிரைவர் இல்லை என்பது இதுதான். டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்ற பெயரா, சில்லின் பெயரா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். இதைப் பார்க்கத் தெரிந்த கடைக்காரர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும், பாதிப் புகார் அடங்கிவிடும்.

இதைக் கற்றுத்தர ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. போளூர் வழியே போகும் காட்பாடி ரயில் பாதையின் மறுமுனையில், விழுப்புரத்தில், குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களை வைத்துப் பல வருடமாக வகுப்பு நடத்துகிறது. காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு குழு உண்டு. தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது கணியம் தளம்.

விண்டோஸை ஆதரிப்பவர்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அரிசி மண்டிக்காரருக்கு டேலி வேண்டும். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரருக்கு ஃபோட்டோஷாப் வேண்டும். வேலோரன்ட் ஆடுகிற பையனை அதன் ஆன்டி-சீட் லினக்ஸில் உள்ளே விடாது. இவர்கள் விண்டோஸ் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வழக்கில்லை. ஆனால் இவை எதுவும் டிரைவர் பிரச்சினை அல்ல. மென்பொருள் விற்கிறவர் லினக்ஸுக்குச் செய்யவில்லை என்பதை, லினக்ஸுக்குத் திரையே வராது என்று மாற்றிச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. கிராஃபிக்ஸ் வராத இயங்குதளத்திலா கேரளம் இருபது வருடமாகப் பள்ளிப் பாடம் நடத்துகிறது? ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் இயங்கும் அவர்களுடைய அமைப்பு, உபுண்டுவிலிருந்து செய்த தன் சொந்த லினக்ஸைத்தான் அரசுப் பள்ளிகளில் ஓட்டுகிறது. பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே அதில்தான். அங்கே ஓடுகிற மெஷின்களும் நமக்குத் தெரிந்த கம்பெனிகளின் மெஷின்கள்தாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இன்டெல் சில்லு வேறு குணம் காட்டாது. வித்தியாசம், அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மெஷினுக்குப் பொருந்தும் பதிப்பைத் தாங்களே தயார் செய்தார்கள். நாம் ஒரு வட்டில் இரண்டு இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டாவதைப் பற்றி ஒரு வகுப்பும் எடுக்கவில்லை.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, கூடவே டிபிஎம் 2.0. நம் வீடுகளில் கிடக்கும் கவர்மென்ட் லேப்டாப் பெரும்பாலும் இதில் தேறாது. பழைய கருத்தை நம்பினால் இவை அத்தனையும் காயலான் கடைக்குப் போக வேண்டும். அல்லது கிராக் போட்ட, திருத்தம் நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திறந்த டிரைவரை நம்பினால், அந்த ஏ4 மெஷினில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் வைத்த லினக்ஸ் ஏற்றி, இன்னும் சில வருடம் ஓட்டலாம். அதில் பைத்தான் எழுதலாம், லிப்ரெஆஃபிஸில் ப்ராஜெக்ட் அடிக்கலாம், டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கலாம். எல்லாம் முடியும் என்று சொல்லவில்லை. பழைய சில்லு புதிய வீடியோ வடிவங்களைத் தானே பிரிக்காது. 1080இல் ஏவி1 வீடியோ வந்தால் திணறத்தான் செய்யும். அது சில்லின் வயது. எந்த இயங்குதளம் போட்டாலும் மாறாது.

இன்னும் ஓர் இடத்தில் திறந்த டிரைவர் உண்மையாகவே பின்தங்கி நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்ஐ 2.1 முழு வசதிக்கான நிரலை ஏஎம்டி எழுதி வைத்திருந்தது. அந்தத் தரத்தை வைத்திருக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் திறந்த டிரைவரில் அது வரக் கூடாது என்று மறுத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் இது வெளியே வந்தது. 4கே டிவியை 120 ஹெர்ட்ஸில் ஓட்ட நினைத்தவர்களுக்கு நஷ்டம். நிரல் தெரியாமல் நின்ற நஷ்டமல்ல, சங்கம் வைத்துத் தடுத்த நஷ்டம்.

2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது: இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3, 8 ஜிபி ராம். இரண்டு சில்லுக்கும் கெர்னலிலேயே திறந்த கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்கிறது. இது யாரும் திட்டமிட்டு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை, அதிர்ஷ்டம். அடுத்த டெண்டரில் இதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் ஒரு நிபந்தனையாக எழுதலாம்: மெஷினின் திரை, ஒலி, வைஃபை மூன்றும் தனி டிரைவர் எதையும் இறக்காமல், மாற்றமில்லாத பொதுக் கெர்னலில் இயங்க வேண்டும், ஒப்பந்தக்காரர் அதை எல்காட் அதிகாரிகள் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். விலை ஏறும் என்பார்கள். ஐ3யும் ரைசன் 3யும் ஏற்கெனவே இதில் தேறியவை, அதனால் கிராஃபிக்ஸில் ஒரு பைசா ஏறாது. இந்த நிபந்தனையில் கழிந்துபோகக் கூடியவை, டிரைவரைத் தன் வலைத்தளத்தில் மட்டும் வைத்திருந்து மூன்று வருடத்தில் அந்தப் பக்கத்தையே தூக்கிவிடும் மலிவு வைஃபை சில்லுகள்தாம். அவை கழிந்தால் போளூரில் யாரும் அழப்போவதில்லை.